கிட்டப் போங்கண்ணா

போன வாரம் நம்ம ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போல் வந்தது. ஐ.வி.க்கு எங்கே போகலாம்? ஒண்ணு கொச்சி, இன்னொண்ணு இலங்கை. இலங்கைக்குக் கீழே டிராவல்ஸ்காரர் அனுப்பிய பட்டியலையும் யாரோ ஒட்டியிருந்தாங்க. அதில் மூன்றாம் நாள் காலை: 'மிரிஸ்ஸவில் படகுப் பயணம், நீலத் திமிங்கலம் நேரில்.' அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் கொச்சி காலி. கடலே இல்லாத மாவட்டத்துக்காரங்க நாம. பாண்டிச்சேரி பீச்சைப் பார்க்கவே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கணும். நமக்குத் திமிங்கலம்னா சும்மாவா?

நானும் இலங்கைக்குத்தான் ஓட்டு போட்டேன். அதை இன்னும் மாத்தலை. ஆனா அந்த மூன்றாம் நாள் காலையைப் பற்றி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். அதுக்கு முன்னாடி ஒகேனக்கல்லில் நான் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லிடறேன்.

ஜனவரி மாசம். தண்ணி குறைஞ்சு, பாறையெல்லாம் வெளியே தெரியுற நேரம். நாங்க நாலு பேர் சின்னாறு பரிசல் துறையில் ஒரு பரிசல் எடுத்தோம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, ஆளுக்கு ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டு, வழக்கம் போல. பரிசல்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். பேச்சு குறைவு. ஒரு வளைவில் திரும்பினதும் துடுப்பைத் தண்ணியிலிருந்து தூக்கி மடியில் வெச்சிக்கிட்டார். பரிசல் தானா மிதந்து போச்சு. கையை மட்டும் நீட்டிக் காட்டினார். பாறை மேல நீர்நாய், மூணோ நாலோ. ஒண்ணு மீனைப் பிடிச்சுக்கிட்டு, நாம கரும்பு கடிக்கிற மாதிரி தலையைச் சாய்ச்சுக் கடிச்சுக்கிட்டிருந்தது. அந்தச் சத்தம்கூட கேட்டது.

எங்களில் ஒருத்தன் போனைத் தூக்கினான். ஜூம் பண்ணினா புள்ளி புள்ளியா வருது. "கிட்டப் போங்கண்ணா" என்றான். அவர் சொன்னார்: "கிட்டப் போனா பாக்க முடியாது தம்பி. இங்கயே இருந்தா பாக்கலாம்."

அப்ப நான் சொன்னேன்: "நூறு ரூபா சேத்துத் தர்றோம்ணா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் துடுப்பை இறக்கினார். ரெண்டே போடு. பாறை மேல ஒரு கீச் சத்தம், தண்ணியில் நாலு வட்டம், அவ்வளவுதான். பாதி தின்ன மீன் மட்டும் பாறையில் கிடந்தது. கரைக்கு வந்ததும் நூறு ரூபாயை நீட்டினேன், வாங்கிக்கிட்டார். ஏன் வாங்கக்கூடாது? சீசனில் தண்ணி அதிகமா வந்தா வாரக்கணக்கா பரிசல் ஓட்டத் தடை போட்டுடறாங்க. அந்த நூறு ரூபாய் அவருக்கு வேணும். நீர்நாய்க்கும் எங்களுக்கும் நடுவில் அவர் வெச்சிருந்த தூரத்தை நான் விலை கொடுத்து வாங்கிட்டேன், அதுதான் நடந்தது.

மிரிஸ்ஸவில் தினமும் காலையில் நடக்கிறதும் இதேதான். அங்கே துடுப்புக்குப் பதில் டீசல் இன்ஜின், நூறு ரூபாய்க்குப் பதில் டாலர்.

இலங்கையின் தெற்குக் கரையில் மாத்தறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மீன்பிடி ஊர் மிரிஸ்ஸ. அந்தப் பக்கம் கடலடித் தரை கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே சரிஞ்சு ஆழத்துக்கு இறங்கிடும். உலகத்தில் பல இடங்களில் நீலத் திமிங்கலத்தைப் பார்க்க நாள்கணக்கில் கப்பலில் போகணும். இங்கே காலை டிபனுக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். இன்னொரு விசேஷமும் உண்டு. பல கடல்களில் நீலத் திமிங்கலங்கள் குளிர்ந்த கடலில் தின்னுட்டு, குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். இலங்கைக் கடலில் இருக்கிறதுங்க அப்படிக் குளிர்ந்த கடலுக்குப் போறதில்லை, வருஷம் முழுக்க வெப்பக் கடலிலேயே தின்னு வாழுது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்கிற இலங்கைக் கடல் உயிரியலாளர். 2003-ல் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் போனப்ப, தண்ணியில் மிதந்த சிவப்பு நிறத் திமிங்கலச் சாணத்தைப் பார்த்து, 'அப்போ இது இங்கேயே சாப்பிடுதே' என்று யோசிச்சவர். நாமளா இருந்தா மூக்கைப் பிடிச்சிருப்போம்.

2009-ல் போர் முடிஞ்சதும் இலங்கைக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்தது, மிரிஸ்ஸவில் படகுகளும் பெருகின. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன். 2012-ல் அந்த நாட்டு அரசு விதிமுறை கொண்டுவந்தது. லைசென்ஸ் வாங்கணும், திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள்ள போகக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது. 100 மீட்டர்னா நம்ம ஃபுட்பால் கிரவுண்டின் இந்த கோல் போஸ்ட்டிலிருந்து அந்த கோல் போஸ்ட் வரை. திமிங்கலத்தின் நீளம் நம்ம காலேஜ் பஸ் ரெண்டை ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிறுத்தினா எவ்வளவோ அவ்வளவு. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலும் அது பிரமாண்டமாத்தான் தெரியும். ஆனா போன் கேமராவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மாதிரி வரும்.

சிக்கல் அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்குது.

என் பெரியம்மா பையன் போன வருஷம் அங்கே போய் வந்து ஒரு வீடியோ அனுப்பினான். அதில் நான் எண்ணின வரைக்கும் ஒன்பது படகு. திமிங்கலம் மேலே வந்து நாலஞ்சு மூச்சு விடும், வாலைத் தூக்கி ஆழத்துக்குப் போகும், பத்து நிமிஷம் கழிச்சு வேற எங்கேயோ எழும். வாலைத் தூக்குற அந்த ஒரு செகண்டுதான் எல்லாருக்கும் வேணும். அதனால் ஒரு படகு நகர்ந்தா மற்ற எட்டும் பின்னாலேயே. வீடியோவில் தமிழ், இந்தி, ரஷ்யன் எல்லாம் கேக்குது. எந்த மொழியில் கத்தினாலும் அர்த்தம் ஒண்ணுதான்: கிட்டப் போங்கண்ணா. படகு ஓட்டுறவர் முகம் அந்த வீடியோவில் இல்லை. இருந்தா எங்க பரிசல்காரர் என்னைப் பார்த்த பார்வை அதிலும் இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

"விதி இருக்கே, அரசாங்கம் பிடிக்க வேண்டியதுதானே" என்று கேக்கலாம். பிடிக்கணும்தான். ஆனா நடுக்கடலில் டேப் வெச்சு அளக்க ஆள் கிடையாது. படகுக்காரர் பக்கமிருந்து யோசிச்சுப் பாருங்க. பக்கத்துப் படகு 50 மீட்டருக்குப் போயிடுச்சு. இவர் விதிப்படி 100-ல் நிக்கறார். கரைக்கு வந்ததும் பயணிகள் என்ன ரேட்டிங் போடுவாங்க? 'ரொம்பத் தள்ளியே நிறுத்திட்டான், வேஸ்ட்' என்று ஒரு ஸ்டார். ஒழுங்கா ஓட்டினவருக்கு அபராதம் போடறது அரசாங்கம் இல்லை, நாமதான். சில இடங்களில் 'திமிங்கலம் தெரியலைன்னா இன்னொரு நாள் இலவசம்' என்று வேற போர்டு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த இலவச டீசலை நினைச்சா, தெரியுற ஒரு திமிங்கலத்தை அவர் விடுவாரா?

இதுவரை சொன்னது மனுஷங்க விஷயம். இனி நம்ம பாடத்துக்கு வருவோம். நாம இன்ஜினீயரிங் படிக்கிறவங்க, இதில் நமக்குன்னு ஒரு வேலை இருக்கு.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அண்ட் மெஷினரியில் கேவிடேஷன் படிச்சோம். பம்ப்பில் அழுத்தம் குறையுற இடத்தில் தண்ணி ஆவிக் குமிழியா மாறும், அழுத்தம் கூடுற இடத்துக்குப் போனதும் படார்னு உடையும், இம்பெல்லரை அரிக்கும். பதிமூணு மார்க்குக்கு எழுதிட்டு மறந்தாச்சு. படகின் புரொப்பெல்லரிலும் அதேதான் நடக்குது. வேகம் கூடக்கூட குமிழி கூடும், குமிழி உடையுற சத்தமும் கூடும். காற்றில் ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், கடல் நீரில் சுமார் 1500. தண்ணிக்குள்ள வெளிச்சம் சீக்கிரம் செத்துடும், சத்தம் சாகாது. அதனால் கடலில் இருக்கிற பெரிய உயிர்கள் கண்ணை நம்பி வாழலை, காதை நம்பி வாழுது. நீலத் திமிங்கலத்தின் குரல் ரொம்பத் தாழ்ந்த அதிர்வெண், அதில் ஒரு பகுதி நம்ம காதுக்கே எட்டாது. பெரிய கப்பல்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த பகுதியில்தான் விழுது. ஆடிட்டோரியத்தில் கச்சேரி நடக்கும்போது பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடினா எப்படி இருக்கும், அப்படி.

இது வெறும் ஊகம் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைஞ்சது இல்லையா? அப்ப கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கடலடி இரைச்சல் சுமார் 6 டெசிபல் இறங்கியிருக்கு. அதே நாள்களில் அங்கே இருந்த ரைட் திமிங்கலங்களின் சாணத்தை ஆராய்ச்சியாளர்கள் சேகரிச்சிருந்தாங்க. சோதிச்சுப் பார்த்தா அதில் மன அழுத்த ஹார்மோன் குறைஞ்சிருக்கு. 2012-ல் வந்த ஆய்வு இது. அந்தத் திமிங்கலங்கள் எவ்வளவு காலமா அழுத்தத்தில் இருந்ததுன்னு தெரிய, உலகமே ஒரு தடவை நிக்க வேண்டியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வெச்சது 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் குட்டியோட ஓய்வெடுத்துக்கிட்டிருந்த கூன்முதுகுத் திமிங்கலங்கள். ஆராய்ச்சியாளர்கள் சுமார் 100 மீட்டர் தள்ளி நின்னு, தண்ணிக்குள்ள ஸ்பீக்கரை இறக்கி, படகு இன்ஜின் சத்தத்தை வேற வேற அளவில் போட்டுப் பார்த்தாங்க. மேலே ட்ரோன். சத்தம் குறைவா இருந்தப்ப தாய் பெரிசா கண்டுக்கலை. 172 டெசிபலுக்கு ஏத்தினப்ப தாய் ஓய்வெடுக்கிற நேரம் 30 சதவீதம் குறைஞ்சது, மூச்சு விடுற வேகம் இரண்டு மடங்காச்சு. (தண்ணிக்குள்ள அளக்கிற டெசிபலும் காற்றில் அளக்கிற டெசிபலும் ஒரே அளவுகோல் இல்லை. ஜெட் விமானத்தோட ஒப்பிட்டு மீம் போட்டுடாதீங்க.)

இதில் கவனிக்க வேண்டியது, தூரம் மாறவே இல்லை. சத்தம் மட்டும்தான் மாறியது. அப்படின்னா 100 மீட்டர் விதியை ஒழுங்கா கடைப்பிடிக்கிற படகும், அரதப் பழசான இன்ஜினோட போனா, பாதி தப்பைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்கு. தூரத்தை இரண்டு மடங்காக்கினா சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல்தான் குறையும். அதுக்குப் பதிலா இன்ஜினையும் புரொப்பெல்லரையும் மாத்தினா அதைவிட அதிகமா குறைக்க முடியும். இது யாருடைய வேலை? விலங்கியல் படிக்கிறவங்க வேலை இல்லை, மெக்கானிக்கலும் ட்ரிபிள் ஈயும் செய்ய வேண்டிய வேலை. ஐஸ்லாந்தின் ஹூசாவிக்கில் 'ஓபல்' என்ற பாய்மரக் கப்பலை 2015-ல் மின்சார மோட்டாருக்கு மாத்தி, அதில்தான் திமிங்கலம் காட்டக் கூட்டிட்டுப் போறாங்க. ஐஸ்லாந்து தூரம்னா, கேரளாவுக்கு வாங்க. வைக்கத்தில் 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' என்கிற சூரிய ஒளிப் படகு ஓடுது. 75 பேர் உட்காரலாம். திமிங்கலத்துக்காக இல்லை, தினமும் ஆஃபீஸ் போறவங்களுக்காக. அதை இங்கே பக்கத்திலேயே செஞ்சு ஓட்டிக்கிட்டிருக்காங்க. நம்ம ஐ.வி. லெட்டரில் 'தொழில்நுட்பப் பார்வையிடல்' என்று எழுதி கையெழுத்து வாங்கறோமே, அதுக்கு உண்மையா பொருந்துற ஒரு இடம் கொச்சிக்குப் பக்கத்திலதான் இருக்கு. கொச்சிக்கு ஓட்டுப் போட்ட அந்த ஏழு பேருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

இதையெல்லாம் கிளாஸில் சொன்னப்ப ரெண்டு எதிர்ப்பு வந்தது. ரெண்டும் நியாயமான எதிர்ப்பு.

முதலாவது: "திமிங்கலத்தைக் கொல்றது கப்பல். டூரிஸ்ட் படகு போட்டோதானே எடுக்குது, அதைப் போய் ஏன் குறை சொல்றே?" உண்மைதான். இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு வெளியே போற கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசலான பாதைகளில் ஒண்ணு. திமிங்கலம் சாப்பிடுற இடத்துக்குக் குறுக்கே போகுது. 2012 மார்ச்சில் ஒரு சரக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள்ள வந்தப்ப அதன் முன்மூக்கில் ஒரு நீலத் திமிங்கலத்தின் உடல் மடங்கித் தொங்கிக்கிட்டிருந்தது. பாதையை 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினா மோதும் அபாயம் 95 சதவீதம் வரை குறையும் என்பது ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே அப்படித் தள்ளி ஓட்ட ஆரம்பிச்சது. (அவங்களைப் புனிதர்னு சொல்லலை. 2025 மே மாசம் கொச்சிக்கு வெளியே மூழ்கி, கேரளக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணியை ஒதுக்கின கப்பலும் அவங்களுதுதான்.)

ஆனா யோசிங்க, அந்தக் கப்பல் ஏன் நகர்ந்தது? அங்கே திமிங்கலம் இருக்குன்னு, எத்தனை இருக்குன்னு, எங்கே இருக்குன்னு பல வருஷமா யாரோ பார்த்து எழுதி வெச்சதால. நீலத் திமிங்கலத்தின் விலாப் பக்கத் தோலில் இருக்கிற புள்ளி அமைப்பு ஒவ்வொண்ணுக்கும் வேற. நம்ம கைரேகை மாதிரி. நல்லா எடுத்த ஒரு போட்டோ, தேதியோடயும் இடத்தோடயும் இருந்தா, அது ஆராய்ச்சிக்கு உதவுற தகவல். தினமும் கடலுக்குப் போற படகுதான் அதுக்குப் பெரிய சாட்சி. அந்தச் சாட்சியே அடியாளா மாறக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

இரண்டாவது எதிர்ப்பு வேற பக்கத்திலிருந்து வந்தது. "அப்படின்னா போகவே வேண்டாம். அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்." இதைச் சொன்னது நம்ம கிளாஸில் நான் ரொம்ப மதிக்கிற ஒரு பொண்ணு. இருந்தாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போகாம இருந்த காலத்தில் திமிங்கலம் நல்லா இருந்ததா என்ன? 1960-களில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடலில் ஆயிரத்துக்கும் மேல நீலத் திமிங்கலங்களைத் திருட்டுத்தனமா வேட்டையாடினது, அப்ப யாருக்குமே தெரியாது. பார்க்க ஆள் இல்லை. 1979-ல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமா அறிவிச்ச பிறகுதான் ஆராய்ச்சியாளர்களே ஒழுங்கா வர ஆரம்பிச்சாங்க.

நம்ம ஊர் பேப்பரில் திமிங்கலம் எப்ப வருது, சொல்லுங்க. ஒண்ணு, செத்துக் கரை ஒதுங்கினா. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் 80-க்கும் மேல பைலட் திமிங்கலங்கள் கரையேறினப்ப வந்தது. மீனவர்கள் ராத்திரியெல்லாம் கடலுக்குள்ள இழுத்து விட்டாங்க, பல திமிங்கலம் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. 1973-லும் அந்தப் பக்கக் கரையில் 147 ஒதுங்கியிருக்கு. இல்லைன்னா அம்பர்கிரிஸ் கடத்தினவன் பிடிபட்டா வரும். 'திமிங்கல வாந்தி, மதிப்பு இத்தனை கோடி.' இன்னொண்ணு எழும்பூர் மியூசியத்தில் எலும்புக்கூடா தொங்குது. பிணம், கோடி, எலும்பு. நம்ம தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைங்க பெரும்பாலானோர் உயிரோட மூச்சு விடுற திமிங்கலத்தைப் பார்த்ததில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமா அறிவிச்சது. நாட்டிலேயே முதல். நம்ம ஹாஸ்டலில் ஆவுளியான்னா என்னன்னு கேட்டேன். பத்துப் பேரில் ஒருத்தன், தஞ்சாவூர்க்காரன், அவன் மட்டும் 'கடல்பசு' என்று சொன்னான். ஏன், நம்ம வீட்டு வாசலையே எடுத்துக்குங்க. அதே 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிச்சாங்க, 686 சதுர கிலோமீட்டர். நீர்நாயும் முதலையும் ஆமையும் அதில்தான் வருது. நானும் அந்தப் பரிசலில் ஏறுற வரைக்கும் ஒகேனக்கல்னா எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும்தான். அன்னைக்கு நான் அந்த நீர்நாய்களைத் துரத்திவிட்டேன், சரி. ஆனா அன்னைக்குப் பார்க்கலைன்னா இன்னைக்கு இதை எழுதியிருக்கவும் மாட்டேன். அதனால் 'போகாதே'ன்னு என்னால சொல்ல முடியாது.

போறோம்னா எப்படிப் போறது?

டிராவல்ஸ்காரர்கிட்ட நாம கேக்க வேண்டியது 'திமிங்கலம் கேரண்டியா?' என்பது இல்லை. எத்தனை மீட்டரில் நிறுத்துவீங்க, அங்கே ஏற்கெனவே ரெண்டு மூணு படகு நின்னா என்ன செய்வீங்க, நின்ன பிறகு இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டு வருவீங்களா. இந்த மூணையும் அறுபது பேர் சார்பா ஒரே மெயிலில் கேளுங்க. ஒரு படகு முழுக்க நாமதான் இருக்கப் போறோம். அறுபது டிக்கெட் கேக்குற கேள்விக்குப் பதில் வரும். ஏறினதும் படகு ஓட்டுறவர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்: "தள்ளியே நிறுத்துங்க, நாங்க குறை சொல்ல மாட்டோம்." அவர் வாழ்க்கையில் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். திரும்பி வந்து ஐந்து ஸ்டார் போட்டு, காரணத்தையும் எழுதணும், 'தூரமாக நிறுத்தினார்' என்று. ஒரு ஸ்டாருக்குப் பயந்துதான் அவர் கிட்டப் போறார்னா, ஐந்து ஸ்டாருக்காகத் தள்ளியும் நிப்பார்.

இன்னொரு யோசனையும் இருக்கு. இது கொஞ்சம் ஆசை கலந்தது, முதல்லயே சொல்லிடறேன். மிரிஸ்ஸவை விட்டுட்டுத் திருகோணமலைக்குப் போகலாமே? சம்பந்தர் தேவாரம் பாடின கோணேசுவரம் இருக்கிற ஊர். கோயில் நிக்கிறது சுவாமி மலைன்னு சொல்ற செங்குத்தான பாறை மேல. பாறைக்குக் கொஞ்சம் வெளியே கடலுக்கு அடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அதனால் நீலத் திமிங்கலமும் ஸ்பெர்ம் திமிங்கலமும் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வருது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை காலம். அதிர்ஷ்டம் இருந்தா கோயில் பாறையில் நின்னுக்கிட்டே திமிங்கலம் மூச்சு விடுறதைப் பார்க்கலாம். டிக்கெட் இல்லை, இன்ஜின் இல்லை, புரொப்பெல்லர் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கடலில் திமிங்கலத்தை ஆராய வந்தவங்களும் 'துலிப்' என்ற சின்னப் பாய்மரப் படகில்தான் வந்தாங்க. அப்புறம் போர் வந்தது, அந்தக் கடல் ரொம்ப வருஷம் சுற்றுலாவுக்கு மூடியே கிடந்தது. இப்ப அங்கேயும் படகுகள் போகுது. ஆனா மிரிஸ்ஸ அளவுக்கு இன்னும் முத்தலை. இப்ப போற பயணிங்க என்ன கேக்கறாங்களோ, அந்த ஊர்ப் படகுக்காரங்க அதைத்தான் தொழில்னு கத்துப்பாங்க.

முக்கியமா, அங்கே நம்ம பாஷை செல்லும். மிரிஸ்ஸவில் சைகை காட்டி இங்கிலீஷில் திணறணும். திருகோணமலையில் ஒரு படகுக்காரர்கிட்ட, "அண்ணை, கிட்டப் போக வேண்டாம், இங்கயே நில்லுங்கோ" என்று தமிழிலேயே சொல்லலாம். அவரும் ஏன் எதுக்குன்னு தமிழிலேயே கேப்பார், அவருக்குத் தெரிஞ்சதையும் சொல்வார். நமக்குத் தெரிஞ்சதைவிட அது அதிகமா இருக்கும்.

ஒரே சிக்கல், நம்ம ஐ.வி. பிப்ரவரியில். திருகோணமலைக்குக் காலம் மார்ச்சுக்கு மேல. ஹெச்.ஓ.டி.யிடம் பேசி செமஸ்டர் முடிஞ்ச பிறகு மே மாசத்துக்கு மாத்த முடியுமான்னு ரெப்கிட்ட கேட்டிருக்கேன். வெயில் கொளுத்தும்னு சிலர் முனகறாங்க. தர்மபுரி வெயிலில் நாலு வருஷம் வெந்த நமக்கு அது ஒரு காரணமா?

போலில் மூணாவதா ஒரு ஆப்ஷன் சேர்த்தாச்சு: 'இலங்கை, மே மாதம், திருகோணமலை.' இதை எழுதும்போது மிரிஸ்ஸவுக்கு 38, நமக்கு 14. அந்த ஏழு கொச்சிக்காரங்க இன்னும் முடிவு பண்ணலை. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை போல் திறந்திருக்கும்.